ஏழு தரம் கழுவின கை

— முள்ளுக்கம்பிக்கு எத்தினை பல்லு காக்கா?

— என்ன மிஸ்ஸி, பகிடியா பண்றீங்க? கம்பிக்கு எங்கால பல்லு? வயல் வேலிக்கம்பி கிழிச்ச எண்டு வாசல்ல நின்டவனுக்கும் சொன்னன், டொக்டருக்கும் சொன்னன், இப்ப ஒங்களுக்கும் சொல்றன். ஒண்டுமில்ல இது, ஒண்டுமில்ல. மருந்தக் கட்டி உடுங்க, நான் போகணும். அசறுத் தொழுகைக்கு முந்தி என்ட தண்ணி முறை. நான் வாய்க்கால் கட்டுல நிக்காட்டி தண்ணி பங்கு போடுற வட்டவிதானை அத அடுத்தவன்ட வயலுக்குத் திருப்பி உட்டுருவான்.

— இருங்க, எழும்பாதீங்க. கம்பி கிழிச்சா நீட்டுக்குக் கிழிக்கும். இது மேலயும் கீழயும் கவ்வியிருக்கு. என்ட தலை நரைச்சதே இந்த மருந்து கட்டுற அறையிலதான் காக்கா, எனக்குப் பல்லுத் தெரியாதா? டொக்டர் ஐயாவும் பாத்த உடன அதத்தான் சொன்னார். ‘அன்னம் மிஸ்ஸி, என்ன கடிச்ச எண்டு கேட்டு வைங்க, நாய் எண்டா உடன ஊசியத் தொடங்குங்க’ எண்டிட்டுத்தான் பிரசவ வார்ட்டுக்குப் போனார். தங்கச்சி, உன்ட பேர் சரீபாதானே? நீ சொல்லு புள்ள. உன்ட மனிசன என்ன கடிச்ச?

— எனக்கென்ன தெரியும் மிஸ்ஸி? நேத்துப் பின்னேரம் வயலால வரக்குள்ள கையில சீலையச் சுத்திக்கிட்டு வந்தாரு. கம்பி எண்டாரு. சரி, கம்பியாக்கும் எண்டு நானும் மஞ்சள் அரைச்சுப் பூசின. விடியப் பாத்தா கை வட்டிலப்பம் மாதிரிப் பொங்கிக்கிட்டு நிக்கி. வரமாட்டன் எண்டு படலையப் புடிச்சுக்கிட்டு நின்ட மனிசன நாந்தான் இழுத்துக்கிட்டு வந்த.

— உன்ட விரல்லயும் ஒரு சீலை சுத்தியிருக்கே?

— இதா? நேத்துப் பகல் மீன் வெட்டக்குள்ள கத்தி வழுக்கிட்டு. இது கிடக்கட்டும். முதல்ல இவரப் பாருங்க.

— மூஞ்சியெல்லாம் வெளிறிப்போய் நிக்கிறாய். அந்த வாங்குல குந்து.

— இந்த மருந்து மணம் கொமட்டுது மிஸ்ஸி. வேற ஒண்டுமில்ல.

— சரி காக்கா, கைய வெளிச்சத்துக்குக் காட்டுங்க. இந்த ஓட்டைக்குள்ள இது என்ன? மண்ணா?

— வயல்காரன்ட கையில மண்ணு இல்லாம மல்லிகைப் பூவா இரிக்கும்?

— ஒட்டின மண்ணு மேலால இருக்கும். இது தேச்சு உள்ளுக்கு அனுப்பின மண்ணு. வேணுமெண்டு களிய எடுத்து அப்பியிருக்கீங்க.

— அது... கழுவக்குள்ள... கொஞ்சம்...

— இஞ்சாருங்க. என்ட முகத்தப் பாருங்க. மண்ணுப் போட்டா கழுவினீங்க?

— நீ சும்மா இரி சரீபா.

— எத்தினை தரம் கழுவினீங்க?

— அதையெல்லாம் கணக்கா வெச்ச? ஒரு ஏழு தரமாக்கும்.

— என்ட றப்பே! ஏழு தரம்! அதுல ஒரு தரம் மண்ணு! மிஸ்ஸி, கம்பியுமில்ல, கத்தியுமில்ல. இது நாய்!

— ஏழு தரம் கழுவினா நாயா? அதென்ன கணக்கு தங்கச்சி?

— எங்கட மார்க்கத்துல அப்புடித்தான். நாய்ட வாநீர் பட்ட சட்டிய ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணுக் கலந்து. பண்டிக்கும் அதே சட்டந்தான், ஆனா காட்டுப்பண்டி கடிச்சிருந்தா இவருக்குக் கையே மிஞ்சியிராது. வேலிக்கம்பி கிழிச்சதுக்கு எவனாவது ஏழு தரம் கழுவுவானா மிஸ்ஸி?

— ஓம், நாய்தான்! அதுக்கென்ன இப்ப? தெருவுல போற நாய் ஒண்டு கடிச்சிட்டு. மார்க்கம் சொன்னபடி கழுவிட்டன், வேலை முடிஞ்சி. கட்டுங்க மிஸ்ஸி மருந்த.

— அது சட்டிக்குச் சொன்ன கணக்கு. சதைக்குள்ள மண்ண அப்பச் சொல்லி எந்தக் கித்தாபுல இரிக்கு?

— ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. காக்கா, தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவினது நல்ல வேலை. இங்க வாற ஆக்கள்ல முக்காவாசிப் பேர் அதையும் செய்யாம சுண்ணாம்பத் தடவிக்கிட்டுத்தான் வருவாங்க. ஆனா மண்ணால வாய் பூட்டி உடம்பு வில்லா வளையிற ஏப்புவலி வரும். அதுக்கு ஒரு ஊசி, தோளுல. போடட்டா?

— தோளுதானே? போடுங்க. போட்டு உட்டா நான் போயிருவன்.

— அது சின்ன வேலை. பெரிய வேலை மத்தது. அந்த நாய் இப்ப எங்க?

— தெரு நாய்ட விலாசத்தயா கேட்டு வெச்ச நான்?

— உசிரோட இருந்தாக் கட்டி வெச்சுப் பத்து நாள் பாக்கலாம். நாய் சுகமா இருந்தா நீங்களும் சுகம். அதுக்குத்தான் கேக்கிறன்.

— அது ஏலா மிஸ்ஸி.

— ஏன் ஏலா?

— அது நேத்தே மௌத்தாகிட்டு.

— என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க. மௌத்தா? மனிசன்தான் மௌத்தாகுற. நாய் சாகுற. தெரு நாய் ஒண்டு செத்ததுக்கு ஒங்கட வாயில மௌத்து எண்டு வருது. அது ஒங்கட சாச்சாட மகனா?

— சரீபா, ஆஸ்பத்திரியில நின்டு சத்தம் போடாத.

— ஆர்ட நாய்?

— கதைச்சு என்ன பிரயோசனம்? செத்துப் போன நாய்.

— ஆர்ட நாய் எண்டு கேட்ட நான்.

— என்ட நாய்.

— ஒங்கட நாயா!

— அப்புடிப் பாக்காத. போன மாரி வெள்ளத்தோட வந்த குட்டி. வாய்க்கால் மதகுல சிக்கிக் கத்திக்கிட்டு நின்ட. தூக்கி வரம்புல உட்டன். போகல்ல. என்ட காவல் வாடிக்குப் பின்னால வந்து சுருண்டு படுத்த. பொறகு பண்டி வந்தாக் குரைச்ச, யானை வந்தாக் குரைச்ச. வேளாமைக் காவலுக்கு ஆகட்டும் எண்டு நானும் உட்டுட்டன். காவலுக்கு நாய் வெச்சாக் குத்தமில்ல எண்டு மௌலவியே சொல்லியிரிக்காரு.

— காவலுக்கு வெச்சாக் குத்தமில்ல. அதுக்கு எதுல சோறு போட்டீங்க?

— இலையில.

— அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க.

— இலையிலதான்... சில நேரம், நான் திண்டு மிச்சம் வந்தா... சட்டியோட.

— என்ட சட்டியிலயா? நான் ஒங்களுக்கு வயலுக்குக் கட்டித் தார சோத்துச் சட்டியிலயா? றப்பே, ஒரு வருசமா நாய் நக்கின சட்டியில நான் சோறு போட்டு, நீங்க திண்டு, நானும் திண்டு! நாளைக்கு எங்கட குடியில ஒரு கலியாணத்துக்கு என்னக் கூப்பிடுவாங்களா? கேளுங்க, அது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. அந்த வாசப்படிய இனி மிதிக்க வேணாம். வாடியிலயே கிடந்து அந்த நாய்ட மௌத்துக்குக் கத்தம் ஓதிக்கிட்டு இரிங்க.

— தங்கச்சி, சட்டிச் சண்டைய வீட்ட போய்ப் புடி. காக்கா, அது எப்படிச் செத்த? மறைக்காமச் சொல்லுங்க.

— மூணு நாலு நாளா ஒரு மாதிரி நின்ட. சோறு போட்டா மோந்து பாக்கும், தின்னாது. வாயத் தொறந்தபடி நிக்கும், வாநீர் கயிறு மாதிரி ஒழுகும். குரல் கூடக் கம்மிட்டு. தொண்டையில மீன்முள்ளு சிக்கிட்டாக்கும் எண்டு நினைச்சன். நேத்துப் பகல் மடியில புடிச்சு வெச்சு, வாய்க்குள்ள கைய உட்டுப் பாத்தன்.

— நாய்ட வாய்க்குள்ளயா? கையயா?

— முள்ளு எடுக்கத்தான் சரீபா. அது என்னக் கடிக்கணும் எண்டு கடிக்கல்ல. கடிச்சிட்டுப் பேந்து என்னயே பாத்துக்கிட்டு நின்ட. பின்னேரம் நான் வெளிக்கிடக்குள்ள வாய்க்கால் ஓரத்துல கிடந்த. மண்வெட்டியால கிடங்கு வெட்டி மூடிட்டுத்தான் வந்த.

— முள்ளுமில்ல, ஒண்டுமில்ல காக்கா. அது விசர். விசர் புடிச்ச நாய் எல்லாம் ஓடித் திரிஞ்சு கடிக்கும் எண்டு ஆக்கள் நினைக்கிற. சிலது இப்படித்தான், வாயத் தொறந்தபடி முள்ளுச் சிக்கின மாதிரி நிக்கும். கைய உட்டுப் பாக்கிறவங்கள்தான் இங்க வாற. இண்டைக்கே ஊசியத் தொடங்கணும். பதினாலு ஊசி, ஒரு நாளைக்கு ஒண்டு, தொப்புளச் சுத்தி.

— பதினாலா! அல்லாட காவல்! நான் போறன் மிஸ்ஸி.

— இஞ்சாருங்க, இரிங்க.

— நீதானே வாசப்படி மிதிக்க வேணாம் எண்ட? வாடிக்குப் போறன். வேளாமை கதிர் தள்ளுற குடலையில நிக்கி. இப்ப தண்ணி தப்பினா இந்தப் போகம் முழுக்கப் பதர், சப்பி நெல்லுத்தான்.

— நான் கோவத்துல சொன்ன. இரிங்க எண்டு சொல்றன். மிஸ்ஸி, இவர் கிடக்காரு, நீங்க போடுங்க.

— புடிச்சு வெச்சுப் போடுற வேலை எனக்கில்ல தங்கச்சி. இண்டைக்குப் புடிச்சு வெச்சுப் போட்டா நாளைக்கு ஆர் புடிச்சுத் தாற? அவர் தானாச் சம்மதிச்சாத்தான் பதினாலு நாளும் வருவார். கேளுங்க காக்கா, மனசில என்ன இருக்கு?

— அந்த மருந்து எதால செய்யிற?

— ஆட்டு மூளையால எண்டு சொல்ற.

— பிஸ்மி சொல்லி அறுத்த ஆடா?

— அத நான் கொழும்புக்குத்தான் எழுதிக் கேக்கணும். பதில் வாறதுக்கிடையில நீங்க இருக்கமாட்டீங்க.

— உசிருக்கு மோசம் வந்தா எது ஆகாதோ அதுவும் ஆகும் எண்டு நோம்புக்கு மௌலவி சொன்ன பயான்ல கேட்ட நான். ஆட்டுல குத்தம் கண்டு புடிக்காரு, நாய்க்குச் சட்டியில சோறு போட்ட மனிசன்!

— அது மட்டுமில்ல. எங்கட பளீல் இந்த ஊசி போட்டான் மிஸ்ஸி. அதால அவனுக்கு இண்டை வரைக்கும் புள்ளையில்ல.

— பளீலுக்கு எங்கால புள்ள பொறக்குற? அவன் இன்னும் கலியாணமே முடிக்கல்லையே!

— முடிச்சிருந்தாலும் பொறந்திராது எண்டு சொல்றான்.

— ஆரு, பளீலா? மார்க்கட்டுல கருவாடு விக்கிற பளீல்தானே? மூணாம் ஊசியோட சுவரேறிப் பாஞ்சு ஓடினவன் அவன். அவனக் கடிச்ச நாய் சுகமா இருந்த, அதால தப்பினான். காக்கா, அங்கால பாருங்க கொஞ்சம்... சரி. ஏப்பூசி போட்டாச்சு.

— எப்ப போட்ட?

— இப்பதான். நீங்க பளீலுக்குக் கலியாணம் பேசிக்கிட்டு இருக்கக்குள்ள.

— ஒண்டும் தெரியல்லையே! ஆனா மத்தது அப்புடி இல்ல எண்டு எனக்குத் தெரியும். காலு கை இழுத்துப் போயிருமாமே? பொய்யெண்டு சொல்லுங்க பாப்பம்.

— பொய்யெண்டு சொல்லமாட்டன். எத்தினையோ ஆயிரத்துல ஒருவருக்கு இழுத்திருக்கு. என்ட கையால போட்ட ஆக்கள்ல இன்னும் ஒருவருக்கும் வரல்ல, வராது எண்டு சத்தியம் பண்ண எனக்கேலா. ஒவ்வொரு நாளும் காலக் கையப் பாத்துத்தான் அடுத்தது போடுவன். ஆனா விசர் வந்தா ஆயிரத்துல ஒண்டெண்டு கணக்கில்ல காக்கா. வந்த ஆக்கள் எல்லாரும் போன ஆக்கள்தான்.

— மிஸ்ஸி, எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. வெளிய போய் வாய் கொப்புளிச்சிட்டு வாறன். இவர உட்டுறாதீங்க.

— போய்ட்டு வா புள்ள. பின்னால குழாய் இருக்கு.

— மிஸ்ஸி, அவ போய்ட்டாவா?

— போய்ட்டா. என்ன?

— நான் பயந்தாங்கொள்ளி இல்ல மிஸ்ஸி. கொம்பன் யானைக்கு முன்னால பந்தம் புடிச்சுக்கிட்டு நின்டவன். ஊசி வலிக்கும் எண்டு ஓடுற ஆள் நானில்ல.

— அப்ப?

— சூறாவளி அடிச்ச வருசம் எங்களுக்குக் கலியாணம். மூணு தரம் அவவுக்குத் தரிச்ச. மூணு தரமும் தங்கல்ல. என்ட உம்மா வேற ஒரு பொண்ணப் பாத்து வெச்சுக்கிட்டு நாளாந்தம் ஆள் அனுப்புறா. நான் மாட்டன் எண்டிட்டன். இந்த ஊசி குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி எண்டு பள்ளிவாசல்ல கதைக்காங்க. தொப்புளச் சுத்திப் போடுறதே ஆம்புளைட வித்த அழிக்கத்தானாம். நாளைக்கு என்னால ஒரு புள்ள இல்லாமப் போச்சு எண்டா அவட மூஞ்சிய எப்புடிப் பாக்குற? இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வெச்சிரிக்கன் மிஸ்ஸி. அதயும் ஒங்கட ஊசிக்குக் குடுக்கட்டா?

— அதுக்கா காக்கா அந்த நாய வளத்தீங்க?

— சிரிக்காதீங்க மிஸ்ஸி.

— நான் சிரிக்கல்ல.

— வாடியில தனிய இரிக்கக்குள்ள, பெத்த மகனக் கூப்பிடுற மாதிரி ‘மனே’ எண்டு கூப்பிடுவன். ஓடி வந்து காலடியில படுக்கும். அவ்வளவுதான்.

— மனே எண்டா கூப்பிட்ட நீங்க?

— சரீபா! எப்ப வந்த நீ?

— கதவு ஒழுங்காச் சாத்தல்ல. எல்லாம் கேட்டுட்டன். இத எனக்கிட்டச் சொல்ல ஏலாதா? ஒரு நாய்க்கிட்டப் போயா சொல்லணும்?

— மூணாம் தரம் போனப் பொறகு, தொட்டிலுக்கு எண்டு வெச்சிருந்த சீலையக் கிழிச்சு அடுப்படிக்குக் கைப்புடிச் சீலையாக்கின நீ. அண்டைக்குப் பொறகு அந்தக் கதைய உன்னோட கதைக்க எனக்கு வாய் வரல்ல.

— மூணு தரமும் நாள் தள்ளின உடன ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது ஆரு? கண்ணூறு படாம என்ன செய்யும்?

— சந்தோசத்துல சொன்னன். வேற ஒண்டுக்குமில்ல.

— எனக்குத் தெரியும். அழாதீங்க. மிஸ்ஸி பாக்கா.

— மிஸ்ஸி எல்லாம் பாத்தவதான், அழுறதெண்டா அழட்டும். காக்கா, இப்ப நான் சொல்றதக் கேளுங்க. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இந்த மருந்தால ஒண்டும் செய்ய ஏலாது. போன வருசம் பாண்டிருப்பு ஊரால ஒரு புள்ளத்தாச்சி வந்தா. இதே விசர்தான், கெண்டைக்கால்ல கடி. அவட மாமியும் வாசல்ல நின்டு குழறினா, வயித்துல ஊசி போட்டாக் கரு கலைஞ்சிரும் எண்டு. பதினாலும் போட்டன். இதே மேசையிலதான்.

— புள்ளத்தாச்சிக்குமா மிஸ்ஸி? வயித்துலயா?

— வயித்துலதான்.

— பொறகு? பெத்தாவா?

— பெத்தா. ஆம்புளப் புள்ள.

— கை கால் எல்லாம் முழுசா இரிக்கா? கண்ணு?

— எல்லாம் முழுசு. போன கிழமை சளிக்கு மருந்தெடுக்கத் தூக்கிக்கிட்டு வந்தா. என்ட தொப்பிய இழுத்துக் கீழ போட்டான் அவன்.

— அவவுக்கு அப்ப எத்தினை மாசம்? முந்தின மாசமா, பிந்தின மாசமா?

— அத ஏன் சரீபா நீ தோண்டித் தோண்டிக் கேக்காய்? ஊசி எனக்கா, பாண்டிருப்பாளுக்கா?

— சும்மாதான் கேட்ட நான்.

— காக்கா, வித்து அழியுற கதை முடிஞ்சிதா? இனி ஒரு கதை மிச்சம் இருக்கு. அதச் சொல்ல எனக்கு விருப்பமில்ல, ஆனாச் சொல்லாம ஒங்கள அனுப்பமாட்டன். ஒங்கட வயலுக்கு மேல் வயல் ஆர்ட?

— வேலப்போடிட. அதுக்கென்ன? வாய்க்கால் தண்ணிக்கு என்னோட மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு வந்த மனிசன். செத்துப் போய்ட்டாரு, பாவம். காய்ச்சல் எண்டாங்க.

— காய்ச்சலில்ல. நாய் கடிச்ச. விசகடிப் பரியாரிக்கிட்டப் போய் வேர் கட்டிக்கிட்டுச் சுகம் எண்டு இருந்தார். சுகமாத்தான் இருந்தார், ஒண்டரை மாசம். பொறகு இங்க கொண்டு வந்தாங்க. கடைசி ரெண்டு நாளும் நான்தான் பாத்த. தாகம் எண்டு கத்துவார். ஒரு கோப்பை தண்ணியக் கிட்டக் கொண்டு போனா, தொண்டையப் புடிச்சுக்கிட்டுச் சுவரோட ஒட்டுவார். வாளியில தண்ணி விழுற சத்தம் கேட்டாக் குழறுவார். தண்ணிக்கு மண்வெட்டி தூக்கின மனிசன் காக்கா. ஒரு சொட்டுத் தண்ணி நாக்குல படாமத்தான் போனார். புத்தி கடைசி வரைக்கும் தெளிவா இருந்த. பொண்டாட்டியக் கூப்பிட்டு, நான் கடிச்சிருவன், கிட்ட வராத எண்டார்.

— என்ட றப்பே...

— அதுக்குப் பொறகு ஊசி இல்ல. டொக்டருக்கும் ஏலா, எனக்கும் ஏலா. கதவச் சாத்தி, யன்னலுக்குச் சீலை கட்டுறதுதான் நாங்க செய்யிற வேலை. இப்ப நீங்க எழும்பிப் போறதெண்டாப் போங்க. தண்ணி முறை தப்பும் எண்டீங்களே, போங்க. மறிக்கமாட்டன்.

— இஞ்சாருங்க... என்னத்துக்கு எழும்புறீங்க?

— போகல்ல. சேட்டக் கழட்டுறன்.

— சாறனக் கொஞ்சம் கீழ இறக்கிக்கிட்டு அப்படிச் சாயுங்க. தங்கச்சி, பாக்க ஏலாட்டி அங்கால திரும்பு.

— இல்ல மிஸ்ஸி, நான் பாக்கணும். எப்புடிப் போடுற எண்டு பாக்கணும்.

— மிஸ்ஸி, ஊசி இவ்வளவு நீட்டா? மாட்டு ஊசியா இது?

— ஒங்கட வயித்துக்கு இது காணாது. பிஸ்மியச் சொல்லுங்க.

— பிஸ்மில்லாஹ்... ஆ! ஆ... உம்மா...

— அசையாதீங்க. இந்தா, முடிஞ்சி.

— முடிஞ்சா?

— முடிஞ்சி. கொஞ்சம் தடிக்கும், கடுக்கும். நாளைக்கு இதே நேரம் மத்தப் பக்கம்.

— இவ்வளவுதானா? வேலியில ஒரு குளவி குத்தினாலும் இதவிடக் கடுக்கும். பளீல் நாய் ஊரெல்லாம் என்ன கதை கட்டிட்டுத் திரியுறான்! சரீபா, சேட்ட எடு. பள்ளியில இன்னும் அசறுக்கு வாங்கு சொல்லல்ல, வட்டவிதானைய வழியில புடிச்சாத் தண்ணிய எடுத்துரலாம்.

— நில்லுங்க, இன்னொண்டு கேக்கணும். அந்த நாய்ட வாநீர் வேற ஆருக்கும் பட்டதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாடிக்கு வேற ஆரும் வாறதா?

— ஒருத்தரும் வாறல்ல. என்னத் தவிர ஒருத்தரயும் அது கிட்ட உடாது.

— நேத்தும் அதுக்குச் சட்டியிலதான் சோறு வெச்சீங்களா?

— வெச்சன். தின்னல்ல. சட்டிக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கிடந்த. வாநீரெல்லாம் வழிஞ்சி...

— அந்தச் சட்டிய ஆர் கழுவின?

— நான்தான் வாய்க்கால்ல ஒவ்வொரு நாளும்... இல்ல. நேத்து இல்ல. கை இந்தக் கோலத்துல நான் எங்கால கழுவுற? அப்புடியே மூடி சைக்கிள்ல கொழுவிக்கிட்டு வந்தன். சரீபா... நேத்துச் சட்டி...

— நான்தான் தேச்ச. பொழுது பட, மஃரிபுத் தொழுகைக்கு முந்தி.

— விரல் சீலையோடயா?

— இல்ல மிஸ்ஸி. நனைஞ்சா ஊறிரும் எண்டு சீலைய அவுத்து வெச்சிட்டுத்தான் தேச்ச. உள்ளுக்குப் பசை மாதிரி ஒட்டியிருந்த. கஞ்சியாக்கும் எண்டு கையால வழிச்சு...

— அம்மாளே! கையக் கொண்டா. இந்தச் சீலைய அவிழு. தங்கச்சி, இது வாய் தொறந்த காயம். ஈரமா இருந்த வாநீர் இதுக்குள்ள போனா, கடிச்சதும் ஒண்டுதான், இதுவும் ஒண்டுதான். நீயும் மேசையில ஏறு.

— எனக்கு ஏலா மிஸ்ஸி.

— சரீபா, ஏறு.

— ஏலா. ஊட்ட போய் உம்மாக்கிட்டக் கேட்டுட்டு நாளைக்கு வாறன். நல்லா ஏழு தரம் கழுவிட்டு வாறன்.

— ஏழு தரம் கழுவினவன் இஞ்ச கிடக்கான் புள்ள! என்னப் பாரு. நானே போட்டுட்டன், ஒண்டுமில்ல. குளவி குத்தின மாதிரித்தான். வேலப்போடிட கதையக் கேட்ட தானே நீ?

— ஒங்கட வயிறு ஒங்களுக்கு. என்ட வயித்துல குத்த ஏலா.

— ஏன் ஏலா? என்னப் படலையோட இழுத்துக்கிட்டு வந்தவள் நீதானே? மிஸ்ஸி, கேளுங்க மிஸ்ஸி, இவளுக்கு நீங்க சொல்லுங்க.

— நான் சொல்லவேண்டியத எல்லாம் ஒங்களுக்கே சொல்லி முடிச்சிட்டன் காக்கா. அவ எல்லாத்தையும் பக்கத்துல நின்டு கேட்டவதான்.

— சரீபா, இஞ்ச பாரு. புள்ளைக்குப் பயந்துதான் நானும் ஏலா எண்ட. நீயும் அதுக்குத்தான் பயப்படுறாய் எண்டா, எனக்குப் புள்ள வேணாம். கேட்டியா? தண்ணியும் வேணாம், வேளாமையும் வேணாம், அது கருகிப் போகட்டும். என்ட நாயால உனக்கு ஒண்டு வந்தா நான் எந்த வாசப்படிய மிதிக்கிற? உன்ட கையால தண்ணி குடிச்சவன் நான். நீ ஒரு கோப்பை தண்ணியப் பாத்துக் குழற, நான் பாத்துக்கிட்டு நிக்கட்டா? எனக்கு ஒரு புள்ளையும் வேணாம் புள்ள, நீ இரிந்தாப் போதும்.

— அப்புடிச் சொல்லாதீங்க மச்சான், வாயக் கழுவுங்க. மிஸ்ஸி, அந்தப் பாண்டிருப்புப் புள்ளத்தாச்சிக்கு வயித்துல எவடத்துல குத்தின நீங்க? எனக்கும் அவடத்துலதான் குத்தணும்.